உதவி தேவை: வீட்டு வாரண்டி முடிந்துவிட்டதாக 'இறுதி அறிவிப்பு' வந்திருக்கிறது, பணம் கட்ட வேண்டுமா?

ஃபிரிஸ்கோ கதிர்

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் போன வருடம் வீடு வாங்கினோம். பில்டரிடமிருந்து நேராக வாங்கிய புது வீடு. நேற்று தபாலில் ஒரு கடிதம் வந்தது. நம் ஊர் வங்கிகள் ஏடிஎம் பின் எண் அனுப்புமே, அந்த மாதிரி ஓரங்களைக் கிழித்துத் திறக்கும் தாள். மேலே கொட்டை எழுத்தில் 'இறுதி அறிவிப்பு'. அதன் கீழே எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர், வீட்டு முகவரி, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர். "உங்கள் வீட்டு வாரண்டி முடிந்திருக்கலாம் அல்லது முடியப்போகிறது. நீங்கள் இன்னும் எங்களைத் தொடர்பு கொள்ளவில்லை. இனி பழுதுச் செலவு முழுக்க உங்களுடையது. உடனே அழைக்கவும்" என்று இருக்கிறது. அடியில் செக் போலவே ஒரு துண்டு, கட்டணம் 199 டாலர் என்று போட்டு. வெளிப்பக்கத்தில், இந்தக் கடிதம் போய்ச் சேருவதைத் தடுப்பவருக்கு 2,000 டாலர் அபராதம், 5 வருடம் சிறை என்று ஓர் எச்சரிக்கை வேறு.

என்னை யோசிக்க வைப்பது என் பெயர்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடி, அப்பாவின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராக வைத்து, ஓர் எழுத்து மாறாமல் போட்டிருக்கிறார்கள். ஆபீஸிலும் கிரெடிட் கார்டிலும் சுருக்கிய பெயர்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் காகிதங்களில் மட்டும்தான் முழுப்பெயர். அப்படியென்றால் இது கடன் நிறுவனத்திலிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா 'சிறை' என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து நிம்மதியாக இல்லை. "கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறாய், 199 டாலருக்காக எதற்கு வம்பு, கட்டிவிடு" என்கிறார். பில்டர் கொடுத்த ஒரு வருட வாரண்டியும் முடியும் நேரம்தான். என்ன செய்யலாம்?

எடிசன் மீனா

கட்டாதீர்கள். அந்த எண்ணுக்கு போனும் செய்யாதீர்கள். இது விளம்பரக் கடிதம். நியூ ஜெர்சியில் எங்கள் தெருவில் வீடு வாங்கிய எல்லாருக்கும் இதே மாதிரி வந்திருக்கிறது. முதல் வருடத்தில்தான் அதிகம் வரும்.

பிளேனோ சுந்தரம்

கதிர், நான் வீட்டின் உரிமையைச் சரிபார்த்துப் பத்திரப் பதிவைக் கவனிக்கும் டைட்டில் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். க்ளோசிங் (வீடு கைமாறும் நாள்) முடிந்த சில வாரங்களில் இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை அழைப்பவர்கள் நிறைய பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க்ளோசிங்கில் பில்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தையும், நீங்கள் கையெழுத்துப் போட்டு வீட்டை அடமானம் வைத்த 'டீட் ஆஃப் டிரஸ்ட்' பத்திரத்தையும் நாங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். பதிவான அன்றே அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் தேடிப் பார்க்கலாம். அதில் உங்கள் பெயர், மனைவி பெயர், முகவரி, கடன் கொடுத்தவர், கடன் தொகை, தேதி எல்லாம் இருக்கும். டெக்சாஸில் வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை மட்டும் பத்திரத்தில் எழுதுவதில்லை. ஆனால் கடன் தொகை இருக்கும். இந்த விவரங்களை மொத்தமாகத் திரட்டி விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கடிதம் அனுப்புகிறவர்கள் அந்தப் பட்டியலை வாங்கி அப்படியே அச்சடிக்கிறார்கள்.

பெயர் விஷயத்துக்கும் இதுதான் பதில். நாங்கள் பத்திரம் எழுதுவது உங்கள் பாஸ்போர்ட்டையோ லைசென்ஸையோ பார்த்துத்தான். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அந்த நீளமான பெயர் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். அது அப்படியே கடிதத்தில் வருவதால்தான் உள்ளே இருந்து யாரோ அனுப்பியது போலத் தோன்றுகிறது.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். கடிதத்தில் எந்தக் கடன் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது? இப்போது மாதாமாதம் யாருக்குப் பணம் கட்டுகிறீர்கள்?

ஃபிரிஸ்கோ கதிர்

சார், நல்ல கேள்வி. கடிதத்தில் இருப்பது முதலில் கடன் கொடுத்தவர்கள் பெயர். வாங்கிய சில மாதங்களிலேயே கடனை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கட்டுவது புது நிறுவனத்துக்கு.

பிளேனோ சுந்தரம்

அப்படியானால் சந்தேகமே வேண்டாம். உங்கள் கணக்கை உண்மையிலேயே பார்க்கிறவர்களுக்குக் கடன் கைமாறியது தெரியாமல் இருக்காது. பத்திரத்தில் பழைய பெயர்தான் நிற்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது கடிதத்தின் அடியிலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். உங்கள் கடன் நிறுவனத்தோடு தொடர்பில்லை, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் முன்பு வாரண்டி இருந்திருக்கும் என்பதில்லை, இது ஒரு விற்பனை அறிவிப்பு என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். அரசிடமிருந்து வந்தது போலவோ பில் போலவோ தோன்றும் விளம்பரங்களில் அப்படி இல்லை என்று தெளிவாகப் போட வேண்டும் என்பது மத்திய தபால் சட்டம். பெரிய எழுத்தில் பயமுறுத்திவிட்டு, சிறிய எழுத்தில் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஃபிரிஸ்கோ கதிர்

இருக்கிறது. செக் மாதிரியான துண்டிலும் 'இது காசோலை அல்ல' என்று வெளிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் கண்ணிலேயே படவில்லை. அப்பாவுக்குக் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன்.

ஆஸ்டின் நிலா

அப்பாவிடம் அந்தச் சிறை வரியைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் கதிர். அது பணம் கட்டாதவர்களைப் பற்றியதே இல்லை. அடுத்தவருக்கு வந்த தபாலைத் திறப்பதும் மறைப்பதும் அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 18, பிரிவு 1702-ன்படி குற்றம். பீட்சா கூப்பனுக்கும் அதே சட்டம்தான். உங்களுக்கு வந்ததை நீங்கள் தாராளமாகக் கிழித்துப் போடலாம். அந்த வரி தபால்காரருக்காக எழுதியதில்லை, உங்கள் அப்பா மாதிரி மனிதர்களுக்காக எழுதியது. எனக்கு இதில் ரொம்பக் கோபம் வருகிறது. இந்த ஊர் நடைமுறை தெரியாத பெரியவர்களும், விசாவில் இருப்பதால் எந்தக் கடிதத்துக்கும் பயப்படுகிற குடும்பங்களும்தான் முதலில் போனை எடுக்கிறார்கள்.

கிரீன் கார்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நீங்கள் அவர்களோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. போடாத ஒப்பந்தத்துக்கு நிலுவை எங்கிருந்து வரும்?

ஹூஸ்டன் பிரபு

எங்கள் வீட்டில் விஷயம் ஒரு படி தாண்டிவிட்டது, அதனால் இங்கேயே கேட்கிறேன். மாமனார் தனியாக இருக்கிறார், அமெரிக்கக் குடிமகன், வயது எழுபதுக்கு மேல். இதே மாதிரி கடிதத்தைப் பார்த்து அழைத்து, கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டார். 199 டாலர் போனது போக மாதாமாதம் எடுப்போம் என்றும் சொன்னார்களாம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தக் காகிதம் இன்னும் வரவில்லை. மூன்று நாட்களுக்குள் எதையும் ரத்து செய்யலாம் என்கிறார்களே, அது இதற்குப் பொருந்துமா?

எடிசன் மீனா

பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன், எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) விதி ஒன்று இருக்கிறது.

ஆஸ்டின் நிலா

மீனா அக்கா, அந்த மூன்று நாள் விதி வீட்டுக்கே வந்து விற்பவர்களுக்கும், ஹோட்டல் போன்ற தற்காலிக இடங்களில் நடக்கும் விற்பனைக்கும்தான். முழுக்க போனிலோ தபாலிலோ நடந்த விற்பனை அதில் வராது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் பிரபு.

கிரெடிட் கார்டில் கொடுத்தது ஒரு வகையில் நல்லது. இன்றைக்கே கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணை அழைத்து, நடந்ததைச் சொல்லி, அந்த நிறுவனம் மேற்கொண்டு பணம் எடுக்காதபடி நிறுத்தச் சொல்லுங்கள். கார்டு எண்ணை மாற்றச் சொன்னால் இன்னும் நல்லது. கட்டணத்தை மறுப்பதை எழுத்திலும் அனுப்புங்கள். அந்தக் கட்டணம் முதலில் வந்த ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கடிதம் கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாரண்டி நிறுவனத்துக்கு "ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள்" என்று சர்டிஃபைடு தபாலில் (அனுப்பியதற்கு ரசீது கிடைக்கும்) ஒரு கடிதம். ஒப்பந்தம் வந்து சேர்ந்தால் அதில் ரத்து செய்யும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள், பல ஒப்பந்தங்களில் இருக்கும். வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்திருந்தால், அடுத்த முறை பணம் எடுக்க மூன்று வேலைநாட்கள் இருக்கும்போதே வங்கியிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நான்கு இலக்கம் கொடுத்ததற்கு: எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் வரலாறு வைத்திருக்கும் நிறுவனங்கள் மூன்றிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அவர் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்குவதைத் தடுக்கும். 2018 செப்டம்பரிலிருந்து சட்டப்படி இலவசம். மாமனார் புதிதாகக் கடன் வாங்கப் போவதில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று, அவருக்கு இனி அழைப்புகள் வரும். விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யும் 'டு நாட் கால்' பட்டியலில் எண் இருந்தாலும், நாமே விசாரித்த நிறுவனம் மூன்று மாதம் வரை அழைக்கலாம், பணம் கொடுத்திருந்தால் 18 மாதம். "இனி அழைக்காதீர்கள்" என்று அவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அழைக்கக் கூடாது.

ஹூஸ்டன் பிரபு

மிக்க நன்றி நிலா. இப்போதே கிளம்பி அவர் வீட்டுக்குப் போகிறேன்.

டெண்டன் ரமேஷ்

ஒரு சந்தேகம். அப்போது ஹோம் வாரண்டி என்பதே ஏமாற்றா? எங்கள் வீடு இருபது வருடப் பழசு, விற்றவரே ஒரு வருட வாரண்டி வாங்கிக் கொடுத்தார்.

பிளேனோ சுந்தரம்

இல்லை ரமேஷ். அது சட்டப்படியான சர்வீஸ் ஒப்பந்தம்தான். ஏசி, தண்ணீர் ஹீட்டர் போன்றவை பழுதானால் ஆள் அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை நீங்கள் கட்ட வேண்டும். முன்பே இருந்த பழுது சேராது, ஒவ்வொரு பொருளுக்கும் உச்சவரம்பு இருக்கும், புதிதாக வாங்கினால் பெரும்பாலும் 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். பழைய வீட்டுக்குச் சிலருக்குப் பயன்படுகிறது. ஆனால் அது முழுக்க உங்கள் விருப்பம். கடன் நிறுவனம் கேட்பது வீட்டுக் காப்பீட்டைத்தான், வாரண்டியை இல்லை. டெக்சாஸில் இந்த நிறுவனங்கள் டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும், பெயரைப் போட்டு அங்கே தேடலாம். கலிஃபோர்னியாவில் காப்பீட்டுத் துறையிடம்.

அதற்காக வருகிற கடிதங்களை எல்லாம் குப்பையில் போட்டுவிடாதீர்கள், யாராக இருந்தாலும் சரி. காப்பீடு நின்றுபோனதாகக் கடன் நிறுவனம் எழுதினால் அது முக்கியம். அவர்களே ஒரு காப்பீட்டை எடுத்து உங்கள் தலையில் கட்டுவதற்கு 45 நாட்களுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். கடன் கைமாறும் கடிதமும் அப்படித்தான், பழைய நிறுவனம், புது நிறுவனம் இரண்டுமே எழுத வேண்டும். எது வந்தாலும் கடிதத்தில் இருக்கும் எண்ணை அழைக்காமல், மாத ஸ்டேட்மெண்டில் இருக்கும் எண்ணை அழையுங்கள். 'ப்ரீசார்ட்டட்' (மொத்தமாக அனுப்பும் தபால்) முத்திரை இருந்தால் போலி என்று சிலர் சொல்வார்கள். வங்கி ஸ்டேட்மெண்டிலும் அதே முத்திரை இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கதிருக்கு: வரும் மாதங்களில் பத்திர நகல் தருகிறோம், பணம் அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் வரும். கவுண்டியில் சில டாலருக்கே நகல் கிடைக்கும். ஹோம்ஸ்டெட் வரி விலக்குக்கு (நாமே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் கிடைக்கும் சலுகை) விண்ணப்பித்துத் தருகிறோம் என்று இன்னொன்று வரும். அதை, வரிக்காக வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தின் தளத்தில் நீங்களே இலவசமாகச் செய்யலாம். இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள், அது உண்மையான பணம்.

கேட்டி வள்ளி

கதிர், எல்லாரும் கடிதத்தைப் பற்றியே பேசுகிறோம். உங்கள் பில்டர் வாரண்டி முடியப்போகிறது என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பெரும்பாலான பில்டர்கள் கொடுப்பது வேலைப்பாட்டுக்கு ஒரு வருடம், வயரிங், குழாய், ஏசி இணைப்புகளுக்கு இரண்டு வருடம், அஸ்திவாரம் போன்ற கட்டுமானத்துக்குப் பத்து வருடம். க்ளோசிங்கில் கொடுத்த கையேட்டில் உங்களுடையது என்ன என்று பாருங்கள். முதல் வருடம் முடிவதற்குள், பில்டருக்குச் சம்பந்தமில்லாத இன்ஸ்பெக்டர் ஒருவரை வைத்து வீட்டை முழுக்கப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாடிக் குளியலறையில் டைல் ஓரம் தட்டிப் பார்த்தபோது வெற்று ஒலி வந்தது. பரணில் ஏசி காற்றுக் குழாய் ஒன்று கழன்று கிடந்தது. கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்ததால் பில்டரே செலவில்லாமல் சரிசெய்தார். ஏசி, ஹீட்டர் எண்களைத் தயாரிப்பாளர் தளத்தில் பதிவு செய்தீர்களா என்றும் பாருங்கள். பதிவு செய்தால் உதிரிப்பாகங்களுக்குக் கூடுதல் வருடம் தரும் நிறுவனங்கள் நிறைய உண்டு.

ஃபிரிஸ்கோ கதிர்

எல்லாருக்கும் நன்றி. ஸ்டேட்மெண்டில் இருந்த எண்ணை அழைத்தேன். அப்படி எந்தக் கடிதமும் அனுப்பவில்லை, நிலுவை எதுவும் இல்லை என்றார்கள். ஸ்பீக்கரில் போட்டு அப்பாவையும் கேட்க வைத்தேன். கடிதத்தையும் உறையையும் படம் எடுத்து எஃப்டிசியின் மோசடிப் புகார் தளத்திலும், தபால் புலனாய்வுத் துறையிலும், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பதிவு செய்துவிட்டேன். பில்டர் கெடுவுக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு இந்தச் சனிக்கிழமை நேரம் வாங்கியாயிற்று. வள்ளி அக்கா, பரணை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஹூஸ்டன் பிரபு

மாமனார் விஷயம்: கார்டு நிறுவனம் 199 டாலரைத் தற்காலிகமாகக் கணக்கில் திரும்ப வைத்திருக்கிறது. புது கார்டும் வந்துவிட்டது. ரத்துக் கடிதத்தையும் அனுப்பிவிட்டோம். இனி வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆஸ்டின் நிலா

நல்ல செய்தி. தற்காலிகம் என்பதால் விசாரணை முடிவு எழுத்தில் வரும்வரை கடிதம், உறை, சர்டிஃபைடு ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய கார்டில் தானாகப் போய்க்கொண்டிருந்த மின்சாரம், போன் பில்களுக்குப் புது எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று ஸ்டேட்மெண்டுகளை நீங்களே உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். வேறு பெயரில் சிறிய தொகை எடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு.