ஷிஃப்ட் மாறினால் பழக்கம் அறுந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

சுழற்சி ஷிஃப்ட் வேலை எனக்கு. காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறும். தினமும் அரை மணி நேரம் வேகநடை, பிறகு கொஞ்சம் மூச்சுப்பயிற்சி, இவ்வளவுதான் திட்டம். காலை ஷிஃப்டில் பிசகாமல் நடக்கும். இரவு ஷிஃப்ட் தொடங்கியதும் அறுந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, 'எல்லாம் போச்சு' என்று மனசு சுருண்டுகொள்வதுதான் பெரிய தொல்லை. மறுபடி தொடங்க வாரக்கணக்கில் ஆகிறது. தூக்கமும் கெட்டு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு வருடமாக இதே கதை.

அலாரம் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. தொடர்ந்து செய்த நாட்களை எண்ணும் செயலி இன்னும் மோசம். எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போனதும் செய்யும் ஆசையே போய்விடுகிறது. நண்பரோடு நடந்தது நன்றாக இருந்தது, அவர் வேறு ஷிஃப்டுக்குப் போகும்வரை. மருத்துவரிடமும் காட்டியாயிற்று, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகலாமாம். ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லையாம். ஆறுதல்தான். ஆனால் அதில் எல்லோரும் தினமும் ஒரே சூழலில் செய்தவர்கள். என் நாளில் நிலையான நேரமே இல்லையே!

சுழற்சி ஷிஃப்டில் இருந்துகொண்டே ஒரு பழக்கத்தைத் தக்கவைத்தவர்கள் சொல்லுங்கள்: கடிகாரத்துக்குப் பதிலாக அதை எதோடு இணைத்தீர்கள்?