ஆட்டுத்தோல் வெட் ப்ளூ (குரோம் ஏத்தின நீலத்தோல்): கொதிநீர் டெஸ்டில் கழுத்து மட்டும் சுருங்குது, ஏன்?

டிரம்_பையன்:
வெள்ளாட்டுத் தோல், பெல்ட் (முடி, சதை எடுத்த ஈரத்தோல்) எடை 300 கிலோ, சதவீதமெல்லாம் அது மேலதான். தண்ணி 80%, உப்பு 5%, சல்ஃப்யூரிக் ஆசிட் 1.2%, பிக்கிள் (உப்பு, ஆசிட்டில் ஓட்டுறது) 45 நிமிஷம். பிஎச் தாளில் டிரம் தண்ணி 2.9. பிறகு பிசிஎஸ் (பேசிக் குரோமியம் சல்ஃபேட், அதான் குரோம் சரக்கு) 8%, கடைசியில் பிஎச்சை ஏத்திக் குரோமைப் பிடிக்க வைக்க பைகார்பனேட் 1%. குரோம் சரியாப் பிடிச்சிருந்தா கொதிநீரில் சுருங்கக் கூடாது. வயித்துத் துண்டு அப்படியே நிக்குது, கழுத்துத் துண்டு 2 நிமிஷத்தில் சுருண்டுடுது. குரோமை 10% ஆக்கியும் அதே கதைதான். வடியிற தண்ணி மட்டும் இன்னும் நீலமாச்சு. குரோம் சரக்கு மட்டமா?

ஆவாரம்பட்டை:
சரக்கு மேல பழி போடாதீங்க தம்பி. நீங்க பார்த்த 2.9 தண்ணியோட பிஎச், தோலோடது இல்லை. கழுத்து தடிமன். 45 நிமிஷத்தில் ஆசிட் அதோட நடுவுக்குப் போய்ச் சேராது. நடுவில் பிஎச் 4-க்கு மேல நின்னா குரோம் மேல் பரப்பிலேயே பிடிச்சு, பின்னால வர்ற குரோமுக்கும் வழியை அடைச்சுடும். அப்புறம் 10% இல்லை, 12% போட்டாலும் தண்ணியிலதான் கிடக்கும்.

பிக்கிள் முடிவில் கழுத்துல ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரசால் கிரீன் (பிஎச்சுக்கு ஏத்தபடி நிறம் மாறுற சாயம்) ஒரு சொட்டு விடுங்க. முழுக்க மஞ்சளா இருந்தாத்தான் குரோம் போடலாம். நடுவில் நூல் மாதிரி பச்சையோ நீலமோ தெரிஞ்சா டிரம்மை ஓட்டுங்க.

உப்பு 5% ஆபத்து. பெல்ட்டுக்குள்ள இருக்கிற தண்ணியே அதை நீர்த்துடும். ஆசிட் பட்டதும் தோல் ஊதும். 8%, அதாவது 24 கிலோ போட்டு 10 நிமிஷம் ஓட்டி, பொமே மீட்டரில் (உப்புத் தண்ணியோட அடர்த்தியைக் காட்டுறது) 6-க்குக் குறையாம இருக்கான்னு பாருங்க. 3.6 கிலோ ஆசிட்டைப் பத்து மடங்கு தண்ணியில் (ஆசிட்டைத்தான் தண்ணியில் ஊத்தணும், மாத்தி ஊத்தினா தெறிக்கும்) கலந்து ஆறவெச்சு, 15 நிமிஷ இடைவெளியில் மூணு தவணையா விடுங்க. கடைசித் தவணைக்கு அப்புறம் 90 நிமிஷம்.

டிரம்_பையன்:
இன்னைக்கு லாட்டுல சொட்டு விட்டுப் பார்த்தேன் சார். கழுத்து நடுவில் பளிச்சுனு நீலக்கோடு. ஏற்கெனவே சுருங்கின லாட்டை என்ன பண்றது?

நீலத்தோல்:
பிக்கிள் முடிஞ்சும் நீலம்னா உள்ளே பிஎச் 5.4-க்கு மேல. டீலைமிங்கையே (தோல்ல இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிறது) சந்தேகப்படணும். அடுத்த லாட்டில் டீலைமிங் முடிவில் கழுத்து வெட்டில் பினால்ஃப்தலீன் விடுங்க. நடுவில் ரோஸ் தெரிஞ்சா சுண்ணாம்பு போகலை.

பழைய லாட்டில் கழுத்தை வெட்டிப் பாருங்க, ரெண்டு விதமான தோல்வி உண்டு. வெட்டுமுகம் முழுக்க நீலமா இருந்தும் சுருங்கினா, குரோம் உள்ளே போயிருக்கு, பிடிக்கலை. பிஎச் 3.4, 3.5-ல் நின்னிருக்கும். 40 டிகிரி தண்ணியில், பத்து மடங்கு தண்ணியில் கரைச்ச 0.3% பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு 3.8-க்குக் கொண்டு வந்தாப் போதும். நடுவில் வெளுத்த கோடு இருந்தா கஷ்டம். உப்புத் தண்ணியில் ஃபார்மிக் ஆசிட் விட்டு பிஎச்சை 3-க்கு இறக்கி, 2% பிசிஎஸ் குடுத்துத் திரும்ப ஏத்தணும். இதை ஷேவிங்குக்கு (தோலைச் சீவித் தடிமனைச் சமமாக்குறது) முன்னாலயே முடிச்சுடுங்க, பிளேடு சூட்டுக்கே அந்த இடம் சுருங்கும்.

புது லாட்டுக்குக் கடைசியில் பிஎச் ஏத்துறப்போ முதல்ல 1% சோடியம் ஃபார்மேட், அரை மணி கழிச்சு பைகார்பனேட்டை 20 நிமிஷத்துக்கு ஒண்ணா நாலு தவணை. மொத்தமாக் கொட்டினா கிரெயின் (தோலோட மேல் முகம்) இழுத்து, திட்டுத் திட்டாப் பச்சை அடிக்கும்.

கழிவுநீர்க்_கணக்கு:
அந்த நீலத் தண்ணியையும் பாருங்க. 24 கிலோ பிசிஎஸ்ஸில் குரோம் ஆக்சைடு 25%, அதாவது 6 கிலோ. குரோமியமா 4.1 கிலோ. சாதாரண முறையில் தோல் 65% எடுத்தாலே பெரிய விஷயம். மிச்சம் 1.4 கிலோ 300 லிட்டரில் இருந்தா லிட்டருக்கு 4,700 மில்லிகிராம். ஆத்தில் விட அனுமதி 2 மில்லிகிராம்.

குரோம் தண்ணியைத் தனித் தொட்டியில் பிடிங்க, மத்த கழிவோட கலக்காதீங்க. கொழுப்பு, நார் வடிகட்டி, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பிஎச் 8 முதல் 8.5 வரை ஏத்தினா குரோம் குருணையாப் படியும். காஸ்டிக் சோடா போட்டா கஞ்சி மாதிரி நிக்கும், இறங்கவே இறங்காது. தெளிஞ்சதை வடிச்சுட்டு, படிவைச் சல்ஃப்யூரிக் ஆசிட்டில் பிஎச் 2.8 வரைக்கும் கரைச்சா அடுத்த லாட்டுக்குப் புது குரோமோட கலந்து போடலாம்.

அடையாறு சிஎல்ஆர்ஐ, 1948-ல் ஆரம்பிச்ச தோல் ஆராய்ச்சி நிலையம், தண்ணியில்லாக் குரோம் முறை ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. அதில் பிக்கிளும் இல்லை, கடைசி பைகார்பனேட்டும் இல்லை. குரோம் 15-20% குறையும்னு அவங்க கணக்கு. ஆனா டீலைமிங் ஒழுங்கா இல்லாம அதுக்குப் போகாதீங்க, முதல்ல அந்த ரோஸ் கோட்டை ஒழிங்க.