எஸ்யூவியின் கோடைக்கால டயர்: முன்சக்கரங்களில் உள்ஓரம் மட்டும் தேய்வது ஏன்?

நெக்கார்க்கரை எழுதியது:

வணக்கம். நான் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஏறக்குறைய 1,650 கிலோ எடையுள்ள, முன்சக்கரங்களில் மட்டும் இயக்கம் கொண்ட நடுத்தர எஸ்யூவி; மூன்று ஆண்டுகளுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2024 ஏப்ரலில் 235/55 ஆர்18 அளவில் நான்கு புதிய கோடைக்கால டயர்கள் போட்டேன். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர்கள் ஓடுவதால், இரண்டு கோடைகளையும் சேர்த்து இவை ஓடியது 19,000 கி.மீ. மட்டுமே.

சென்ற சனிக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டு முன்டயரின் உட்புறத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். நின்றுகொண்டு பார்த்தால் புதிது போலத் தெரியும் டயர், உள்ஓரத்தில் வழுக்கையாகிக் கிடக்கிறது. ஒரு யூரோ நாணயத்தின் பொன்னிற விளிம்பு 3 மி.மீ. அகலம் என்பார்கள், நாணயத்தை நடுப்பள்ளத்தில் செருகினால் அந்த விளிம்பு முழுவதும் மறைகிறது, உள்ஓரப் பள்ளத்திலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கிறது. பின்டயர்களில் இப்படி இல்லை. ஆனால் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு முனகல் வருகிறது.

டயர் மாற்றும் கடையில் கேட்டபோது, "எஸ்யூவி என்றால் கனம், கோடைக்கால டயர் மிருதுவான ரப்பர், இப்படித்தான் போகும், நான்கையும் மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் குடும்பத்துடன் ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போகவிருக்கிறோம். தேய்மானத்துக்குக் காரணம் வண்டியின் எடையா, டயரா, அல்லது நான் ஓட்டும் விதமா என்பது தெரியாமல் மீண்டும் நான்கு டயர்களுக்குப் பணம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

மழைக்கோடு எழுதியது:

எடை ஒரு காரணம்தான். ஆனால் அது தேய்க்கும் இடம் வேறு. உயரமான வண்டியில் எடை மையம் மேலே இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கமும், வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடுதல் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. நகர மையத்திலிருந்து வளைந்து ஏறும் நொயே வைன்ஸ்டைகே சாலையில் டெகர்லோக் நோக்கி ஏறி இறங்குகிறவர் நீங்கள் என்றால், முன்டயர்களின் வெளித்தோள் வட்டமாக மழுங்குவதை அந்தக் கணக்கில் எழுதலாம். உள்ஓரம் தனியாகத் தேய்வதை எழுத முடியாது.

ஆகவே முதலில் அளவுகள் வேண்டும். பள்ளத்தின் ஆழம் அளக்கும் சிறு கருவி சில யூரோவுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் எவ்வளவு, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெக்கார்க்கரை எழுதியது:

அளந்துவிட்டேன். முன் இடது: உள் 1.9, நடு 4.6, வெளி 3.7 மி.மீ. முன் வலது: உள் 2.2, நடு 4.7, வெளி 3.6 மி.மீ. பின்டயர்கள் இரண்டும் நடுவில் 6.1, ஓரங்களில் 5.8 அளவில் இருக்கின்றன. நான்கிலும் இலக்கங்கள் 0524. அதாவது 2024ஆம் ஆண்டின் 5ஆவது வாரத்தில் செய்தவை, பழைய சரக்கு இல்லை.

காற்று 2.1 பார். கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் குறைந்த பாரத்துக்கு 2.4 என்று இருக்கிறது என்பது தெரியும். வெயில் காலத்தில் காற்று விரியும், ஆகவே சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும் என்று ஊரில் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கத்தில் கோடையில் எப்போதும் 2.1 வைத்துவிடுவேன். அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. ஸ்டீயரிங் நேர்ச்சாலையில் இரண்டு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வாங்கிய காலத்தில் அப்படி இருந்ததாக நினைவில்லை.

பழைய சில்லு எழுதியது:

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டோர்ட்முண்டில் 26 வருடங்களாக ரயர் வேலை செய்கிறவன். உங்கள் அளவுகளில் இரண்டு வியாதிகள் ஒன்றாகத் தெரிகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காற்று. நடுப்பகுதியை விட இரண்டு ஓரங்களும் கூடத் தேய்ந்திருப்பது காற்றுக் குறைவின் அடையாளம். வெயிலில் அழுத்தம் கூடுவது உண்மைதான். வெப்பம் 10 பாகை கூடினால் ஏறக்குறைய 0.1 பார் கூடும். ஆனால் வாகனத்தைச் செய்தவர்கள் அதையும் கணக்கில் எடுத்துத்தான், குளிர்ந்த ரயருக்கான அளவை அந்தத் தாளில் போடுகிறார்கள். குறைத்து விட்டால் ரயர் அதிகமாக நசிந்து நசிந்து சுற்றும், அதனாலேயே கூடச் சூடாகும். எதற்குப் பயந்து காற்றைக் குறைத்தீர்களோ, அதையே கூட்டிவிட்டீர்கள். விளக்கு எரியாததற்கும் காரணம் இருக்கிறது. பல வாகனங்களில் அழுத்தத்தை நேராக அளக்கும் கருவி இல்லை. சில்லுகள் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் எது இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கின்றன. நீங்கள் 2.1 வைத்துவிட்டு, அழுத்தத்தைப் பதிவு செய்யும் பொத்தானை அமத்தியிருந்தால், அது 2.1ஐயே சரியான அளவென்று பழகிவிடும். நேராக அளக்கும் வாகனங்களிலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் வரை விளக்கு எரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, சில்லின் கோணம். உள்பக்கம் வெளிப்பக்கத்தை விடவும் இவ்வளவு கீழே போயிருப்பதைப் பார்த்தால், மேலிருந்து நோக்கும்போது முன்சில்லுகள் இரண்டும் முன்பக்கமாக விரிந்து நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் பிழை இருந்தாலும், வாகனம் நேராக ஓடும்போது இரண்டு சில்லுகளும் அந்தப் பிழையைச் சரிபாதியாகப் பங்குபோட்டுக் கொள்ளும். ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். உங்களுடைய இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தேய்ந்திருப்பது அதனால்தான்.

ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். அலைன்மென்ட், அதாவது கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்யுமுன் சில்லைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரப்பர் கிழிந்திருந்தால், மேடையில் நிற்கும்போது கோணம் சரியாகக் காட்டும். வீதியில் பிரேக் பிடித்தவுடன் சில்லு தன்பாட்டுக்குத் திரும்பும். கிழிந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்க்கிற வேலை.

பின்பக்க முனகலுக்கு, உள்ளங்கையை ரயர்மேல் வைத்து சுற்றும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால், ரயர் மேற்பரப்பின் ரப்பர்க் கட்டைகள் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கின்றன. இயக்கம் இல்லாத பின்சில்லுகளில், இடம் மாற்றாமல் ஓடினால், இது அடிக்கடி வருவதுதான்.

இரட்டைச்செலவு எழுதியது:

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் ஆல் சீசன் டயருக்கு மாறிவிட்டேன். மூன்று சிகரங்களும் பனிப்படிகமும் உள்ள குறி இருந்தால் ஜெர்மனியில் குளிர்காலத்துக்கும் சட்டப்படி செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும் டயரை அடுக்கி வைக்கும் வாடகையும் மிச்சம். நான் இருப்பது கொலோன். பனியைப் பார்ப்பதே அரிது.

மழைக்கோடு எழுதியது:

கொலோனில், நகருக்குள் மட்டும் ஓடும் இலகுவான காருக்கு நீங்கள் சொல்வது நியாயம். இவருடைய வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பனிக்காக ஆல் சீசன் டயரின் கட்டைகளில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். 35 பாகை வெயிலில், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய எஸ்யூவி பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டைகள் வளைந்து கொடுக்கின்றன. நிற்கும் தூரம் கூடுகிறது, தேய்மானமும் கூடுகிறது. கோடைக்கால டயரின் கட்டைகள் பெரியவை, விறைப்பானவை. உலர்ந்த சாலையிலும் கோடை மழையிலும் கனமான வண்டியை நிறுத்துவதற்கே செய்யப்பட்டவை. கடைக்காரர் சொன்ன 'மிருதுவான ரப்பர்' என்பதும் தலைகீழான பேச்சு: ஒரே வெப்பநிலையில் குளிர்கால டயரின் ரப்பர்தான் மிருது, கோடைக்கால டயர் குளிரில் இறுகிப் போகும். தவிர, எந்த வகை டயரைப் போட்டாலும் கோணம் பிசகிய சக்கரம் அதையும் அரைத்துத் தின்னும்.

அடுத்த டயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஐரோப்பிய ஒன்றிய லேபிளை மட்டும் நம்பிவிடாதீர்கள். எரிபொருள் சிக்கனம், ஈரப்பிடிப்பு ஆகியவற்றுக்கு ஏ முதல் இ வரை தரமும், சத்தத்துக்கு ஓர் அளவும் அதில் உண்டு. டயர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பக்கச்சுவரில் டிரெட்வேர் (தேய்மானம்) என்று 300, 400 போன்ற எண் இருந்தால், அது அமெரிக்க முறைப்படி தயாரிப்பாளரே தன் டயருக்குக் கொடுப்பது; ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடுவதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது. ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி அமைப்பின் சோதனைகளில் தேய்மானமும் மதிப்பிடப்படுகிறது. 2023இலிருந்து மொத்த மதிப்பில் 30 விழுக்காடு சுற்றுச்சூழல் பகுதிக்குப் போகிறது, தேய்மானம் அதற்குள் அடங்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நெக்கார்க்கரை எழுதியது:

வேறொரு பட்டறையில் காட்டினேன். அண்ணா சொன்னபடி முதலில் புஷ்ஷைப் பார்க்கச் சொன்னேன். வண்டியைத் தூக்கி நெம்புகோலை வைத்து அசைத்ததும், இடது லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பிளவு வாய் திறந்தது. அலைன்மென்ட் தாளில் முன்சக்கரங்களின் மொத்த விரிவு, பாகையில் 60இல் ஒரு பங்கான கலைக் கணக்கில், மைனஸ் 30 கலை; மைனஸ் என்றால் முன்பக்கம் விரிந்திருக்கிறது. கூட்டலில் 10 கலை இருந்திருக்க வேண்டும். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், இரண்டு பக்கமும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆர்வத்தில் ஒரு கணக்குப் போட்டேன். சக்கரத்துக்கு 15 கலை, அதாவது கால் பாகை என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 19,000 கி.மீ. தூரமும் இதே கோணத்தில் ஓடியிருந்தால், ஏறக்குறைய 83 கி.மீ. தூரம் டயரைப் பக்கவாட்டில் தார்ச்சாலையில் தேய்த்திருக்கிறேன். எடையின் மீது பழி போட்டது பாவம்.

புஷ்கள் இரண்டு பக்கமும் மாற்றிக் கோணமும் சரிசெய்தாகிவிட்டது. பின்டயர்களைத் தடவிப் பார்த்தேன், ரம்பப் பல்தான். டயர்களில் திசை அம்பு இல்லை, வெளிப்பக்கம் எது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. இரண்டு டயர்கள் மட்டும் வாங்கினால் போதுமா? முன்பக்கம்தான் தேய்கிறது என்பதால் புதியவற்றை முன்னால் போடலாமா?

பழைய சில்லு எழுதியது:

உங்களுடையது நான்கு சில்லிலும் இயக்கம் உள்ள வாகனம் இல்லை; ஆகவே இரண்டு போதும். அதே மொடலையும் அதே அளவையும் வாங்குங்கள், பாரக் குறியீடு 100க்குக் கீழே போகக் கூடாது. அந்த எண் ஒரு ரயருக்கு 800 கிலோ என்று பொருள்படும்.

புதியவற்றைப் பின்னால்தான் போட வேண்டும். மழையில் முன்பக்கம் பிடியிழந்தால் வாகனம் நேராக வழுக்கும், அதை நீங்கள் உணர்ந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கலாம். பின்பக்கம் பிடியிழந்தால் வால் சுழலும். உயரமான வாகனத்தில் அதைத் திருப்பிப் பிடிப்பது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. பின்னால் இருந்த 6 மி.மீ. ரயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். இயக்கமுள்ள அச்சில் ஓடும்போது அந்த ரம்பப் பல் மெல்ல மழுங்கும். ஆனால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சத்தம் இப்போது உங்கள் காலடியிலேயே கேட்கும். பயந்து திரும்பி வராதீர்கள். மாற்றியபின் 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இனி 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றினால் இந்தப் பல் வளராது.

கழற்றிய இரண்டும் 1.6 மி.மீ. சட்ட எல்லைக்கு மேலே இருக்கின்றன என்று யாருக்காவது விற்க நினைக்காதீர்கள். மழைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போன கோடைக்கால ரயர் எனக்கு ரயரே இல்லை.

நெக்கார்க்கரை எழுதியது:

கார்டா சென்று திரும்பிவிட்டோம். ஊருக்குள் ஓடியதையும் சேர்த்து 1,500 கி.மீ. புறப்படும் காலையில், முழுப் பாரத்துக்கு அந்தத் தாளில் உள்ளபடி முன்னால் 2.6, பின்னால் 2.9 பார் வைத்தேன். எச்சரிக்கை முறையையும் அந்த அளவிலேயே புதிதாகப் பதிவு செய்தேன். பிரென்னர் இறக்கத்தில் நல்ல மழை. வண்டி தடத்தைவிட்டு அசையவில்லை. ஸ்டீயரிங் இப்போது நேராக நிற்கிறது.

இன்று காலை அளந்ததில் முன்டயர்கள் உள், நடு, வெளி மூன்றிலும் 5.7 முதல் 5.9க்குள் இருக்கின்றன. முனகல் நெடுஞ்சாலையில் கேட்பதில்லை. 50ஐ ஒட்டிய வேகத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அடுத்த அளவை அக்டோபரில் டயர் மாற்றும்போது இங்கேயே எழுதுகிறேன். அப்பாவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். தன் ஸ்கூட்டரில் இனியும் காற்றைக் குறைத்தே வைப்பேன் என்று சொல்லிவிட்டார்.