கொட்டகையில் நின்ற மாரிஸும் அதன் பழைய பச்சையும்

கானாடுகாத்தான் பக்கம் என் நண்பனின் பூர்விக வீடு. பின்கட்டைத் தாண்டி ஓட்டுக் கொட்டகை. அதற்குள் 1936 மாடல் மாரிஸ் எயிட் கார் ஒன்று 40 வருடத்துக்கு மேலாகச் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. டயர் கிடையாது, வீலில் பாதிக் கம்பிகள் போயிருந்தன. பாடி கரும்பச்சை, மட்கார்டு கறுப்பு. அதுவும் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் கண்ணில் பட்டதெல்லாம் புறா எச்சமும் தூசியும்தான்.

வீட்டில் தை மாதம் கல்யாணம். அன்றைக்கு வண்டி முகப்பில் நிற்க வேண்டும் என்று பங்காளிகள் எல்லோருக்கும் ஆசை. டிங்கர் வந்து தட்டிப் பார்த்தார். "தகடு நல்லா இருக்குங்க. பழசைச் சுரண்டிட்டு, பட்டி பார்த்து ஸ்ப்ரே அடிச்சா பதினஞ்சு நாள்ல புது வண்டி" என்றார். கைத்தொழில் தெரிந்தவர், சொன்னபடி செய்தும் கொடுத்திருப்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு கதவை மட்டும் என்னிடம் விடுங்கள், பத்து நாளில் காட்டுகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

முதலில் போட்டோ. ஒரு சாண் விடாமல் எடுத்தேன். பிறகு கதவின் அடி விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், தின்னர் தொட்ட பஞ்சை ஒற்றியெடுத்தேன். பச்சை அப்படியே பஞ்சுக்கு வந்துவிட்டது. நைட்ரோசெல்லுலோஸ். பட்டறைகளில் இன்றும் 'டூக்கோ' என்கிறோமே, அந்த வகை. அது டூபாண்ட் கம்பெனி 1920களில் விற்ற பெயிண்டின் பெயர், நம் ஊரில் தொழிலின் பெயராகவே நிலைத்துவிட்டது. மட்கார்டின் உள்பக்கம் அதே சோதனை செய்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அது சூட்டில் இறுக்கிய எனாமல். ஒரே வண்டியில் இரண்டு பெயிண்ட், ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்யக் கூடாது.

டூக்கோவுக்கு மேல் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, கிடையாது. வெளுத்து மாவு பூத்த மாதிரி இருக்கிறதே, அதுவும் பெயிண்ட்தான். தேய்த்தால் போவது அழுக்கு மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் பெயிண்ட் வளைந்து கொடுப்பதற்காக ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் அந்தப் பசை வற்றினால் பெயிண்ட் சுருங்கி, கோடைக்காலக் கண்மாய்த் தரை மாதிரி வெடிக்கும். வெடிப்பின் ஓரம் சுருண்டு நிற்கும். துணி மாட்டினால் செதிலாக வந்துவிடும்.

அதனால் துணியே எடுக்கவில்லை. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, பக்கத்திலேயே வேக்குவம் குழாயைப் பிடித்து இழுக்கவிட்டேன். புறா எச்சத்தின் மேல் ஈரப் பஞ்சை வைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டால் தானாக இளகும். மீதியெல்லாம் காது குடையும் பஞ்சுக் குச்சி. டிஸ்டில்ட் வாட்டரில் காரமில்லாத சோப் இரண்டு சொட்டு விட்டு, குச்சியைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும். பஞ்சில் பழுப்பு வந்தால் அழுக்கு, பச்சை வந்தால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். இந்த ஒரே விதியோடு ஒரு கதவுக்கு ஆறு நாள் போனது.

நான்காம் நாள், கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரல் நகம் அளவில் பொன்னிற எழுத்து ஒன்று தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. குடும்ப விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள். யாரோ ஒரு பெயிண்டர் கையால் எழுதியது, தூரிகை திரும்பிய இடத்தில் கோடு தடித்திருந்தது. அந்த வீட்டில் யாருக்குமே அது அங்கே இருப்பது தெரியாது. ஜன்னல் விளிம்பில் பச்சை தேய்ந்து, அதன் கீழே செங்காவி பிரைமர், அதற்கும் கீழே தகடு, மூன்றும் வளையம் வளையமாகத் தெரிந்தன. ஓட்டினவர்கள் முழங்கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம் அது.

வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்ப்ரே அடிக்கச் சொன்னதும் அவர்தான். குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதும் மேல யாரும் கை வைக்க வேண்டாம்ப்பா" என்றார். 2024இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார் போட்டியில் ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கிய 1934 புகாட்டி டைப் 59, தேய்ந்த பெயிண்டோடு நின்ற வண்டி. ரீஸ்டோர் செய்யாத கார்களின் பிரிவிலிருந்து ஒரு வண்டி அங்கே அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. பங்காளிகளிடம் சொல்ல அந்தப் படத்தை போனில் தயாராக வைத்திருந்தேன். எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

துரு பிடித்த இடங்களில் மட்டும் டானிக் அமிலம் தொட்டு வைத்தேன், துரு கருநீலமாக மாறி அடங்கியது. கடுக்காயின் துவர்ப்பும் இதே சங்கதிதான். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதை வைத்துத்தான். கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, மிக மெல்லிசாக, சுருண்ட ஓரங்களை விட்டுவிட்டு. வேண்டாமென்றால் பிறகு எடுத்துவிடலாம். மண்ணெண்ணெய், டீசல், ஆளி விதை எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். அன்றைக்கு மினுமினுக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு விடாது.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்:

இதைப் படித்ததும் என் 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் வந்தது. வெளுத்த பானெட்டை மினுக்கலாம் என்று ரப்பிங் காம்பவுண்ட் என்ற மினுக்கும் பசையைப் போட்டு, காட்டன் வேஸ்ட்டால் தேய்த்தேன். வேஸ்ட் நீலமாக வர வர, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அரை மணியில் மடிப்பு விளிம்பு முழுக்க பிரைமர் வெளியே வந்துவிட்டது. விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெலிசாகத்தான் இருக்கும் என்று அப்போது தெரியாது. அப்பா தன் கையால் துடைத்த நீலம் அது. எட்டு வருடம் ஆகிறது, அந்த விளிம்பை இன்னும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து இன்னொரு வாசகர்:

கொட்டகைக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் தார்ப்பாயை நேரே வண்டி மேல் போடாதீர்கள். ராத்திரி வேர்க்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்டுக்கு அடியில் துரு கிளம்பும். துவைத்துக் கஞ்சி போடாத பருத்தி வேட்டிகளைத் தைத்து மூடியிருக்கிறேன். தார்ப்பாயை மேலே ஓட்டுக்குக் கீழ் பந்தல் மாதிரி கட்டிவிட்டேன். ஐப்பசி அடைமழைக்கும் சொட்டு இறங்கவில்லை.