நெட் இல்லாத லயத்துக்கு நெட் ஜோக் எப்படி வந்துச்சு? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கொட்டகலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச விஷயம் இது. இப்ப மீம்ஸ், ரீல்ஸ்னு விரல் வச்சா வந்து கொட்டுது, சிரிச்சு முடிக்க முந்தி அடுத்தது வந்துடுது. ஆனா 2000ஐ ஒட்டுன காலத்துல நம்ம இலங்கை மலையகத்துல ஒரு நெட் ஜோக் தேயிலைத் தோட்டத்துக்கு, நாம இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேரணும்னா யாராவது ஒரு ஆள் அதை கையில கொண்டு வரணும். பிளொப்பில, சீடில, போட்டோகொப்பி தாள்ல, பின்னால மெமரி காட்ல. யாரு கொண்டு வந்தாங்க, எங்க வச்சு பார்த்தீங்க, பக்கத்துல யாரெல்லாம் நின்னு சிரிச்சாங்கன்னு எழுதுங்க. இதெல்லாம் யாரும் எழுதி வைக்கல, நாமதான் எழுதணும்.

என்னோடதை முதல்ல சொல்றேன். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) டியூஷனுக்கு ஹட்டன் போன காலம். டவுன்ல ஒரு கொமியூனிகேஷன் கடை, முன்னுக்கு வெளிநாட்டுக்கு ஐடிடி கோல் எடுக்குற கூடு, பக்கத்துல போட்டோகொப்பி மெஷின், உள்ளுக்கு பலகை அடிச்சு மறைச்ச எடத்துல ரெண்டு கொம்பியூட்டர். முதலாளி அண்ணே சீஆர் கொப்பியில நேரம் குறிச்சு வச்சு நிமிஷக் கணக்குக்கு காசு வாங்குவாரு. எங்க லயத்து அண்ணன் ஒருத்தரு கொழும்புல கடை வேலைக்கு போனவரு, தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப, அங்க பார்த்த ஒன்னை எனக்கு காட்டியே ஆகணும்னு அந்த வெப் அட்ரஸை பஸ் டிக்கட்டு பின்னால எழுதி மடிச்சு பர்ஸுல வச்சு கொண்டு வந்திருந்தாரு. வேட்டியோட டவுனுக்கு இறங்கி, டிக்கட்ட பார்த்து பார்த்து ஒத்த விரலால ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. மோடம் கீ கீன்னு கத்தி முடிஞ்சு, பக்கம் மேல இருந்து கீழ துண்டு துண்டா இறங்கி, கடைசில பார்த்தா ஸ்க்ரீன் நெறைய எலி மாதிரி குட்டிக் குட்டி ஹாம்ஸ்டர் வரிசை கட்டி ஆடுது! பாட்டு வேற கீச்சுக் குரல்ல ஓடிட்டே இருக்கு. அண்ணன் ஸ்க்ரீனை பார்க்கல, என் மூஞ்சியத்தான் பார்த்துட்டு இருந்தாரு, நான் சிரிக்கிறேனான்னு. நான் சிரிச்சதும் அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கே!

அது ஹாம்ஸ்டர் டான்ஸ். 1998ல கனடாவுல டீட்ரா லாகார்ட்னு ஒரு பொண்ணு ஜியோசிட்டீஸ்ங்கிற இலவச வெப் பக்க சேவையில செஞ்ச பக்கம். யாரு பக்கத்துக்கு கூட ஆள் வருதுன்னு தன்னோட தோழி, தங்கச்சியோட போட்டி போட்டு செஞ்சதாம். மொத்தமே நாலு அசைபடம்தான், அதையே திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கு. அந்தப் பாட்டு 1973ல வந்த டிஸ்னியோட ராபின் ஹூட் கார்ட்டூன்ல ரொஜர் மில்லர் போட்ட மெட்டு, ஸ்பீடை கூட்டி வச்சிருக்காங்க. 56 கே மோடம்ல ஒரு எம்பி இறங்க நல்ல லைன் கெடச்சாலே மூணு நிமிஷம் ஓடும், அதனால உலகம் பூரா பரவுனதெல்லாம் இந்த மாதிரி எடை கொறஞ்ச ஜிஃப் படங்கதான். நம்ம ஹட்டன் வரைக்கும் வந்ததுக்கும் அதான் காரணம்.

மஸ்கெலியா மழை:

அண்ணே, எனக்கு வந்தது ஆடுற பாப்பா, கொம்பியூட்டர்ல செஞ்ச ஒரு குழந்தை டான்ஸ் ஆடுற சின்ன வீடியோ. நுவரெலியால கொம்பியூட்டர் கோர்ஸ் படிச்சப்ப சேர் பிளொப்பியில வச்சிருந்தாரு, வகுப்பு முடிஞ்ச பெறகு நல்லா செஞ்சவங்களுக்கு மட்டும் போட்டு காட்டுவாரு. அதை பார்க்குறதுக்காகவே எக்செல்ல விழுந்து விழுந்து படிச்சோம். அது 1996ல ஒரு அனிமேஷன் மென்பொருளோட சேர்ந்து வந்த சாம்பிள் ஃபைல், ஈமெயில்ல கைமாறி கைமாறி பரவி 1998ல அமெரிக்க டிவி நாடகத்துலயே வந்துடுச்சு.

பின்னால தம்பி போன்ல அதே பாப்பா வந்துச்சு, அப்பாயிகிட்ட கொண்டு போய் காட்டினேன். அப்பாயி கண்ணை சுருக்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஏன் புள்ள, இந்த குளுருல சட்டை கூட போடாம ஆட விட்டுருக்காளே, பெத்தவ எங்க போனா?"ன்னு கேட்டுச்சு. வீடே சிரிச்சுச்சு. இப்பவும் எங்க வீட்டுல குழந்தைக்கு சட்டை போடாம விட்டா யாராவது ஒராள் இதை சொல்லுவாங்க.

பழைய நோக்கியா:

நம்ம பக்கம் நெட் ஜோக் நெஜமாவே பரவுனது ப்ளூடூத்துலதான், அதை அடிச்சு சொல்லுவேன். எங்க தோட்டத்துல சிக்னல் கெடைக்கிறதே மேமலை கோயில் பாறை மேல மட்டும், அங்க போய் நின்னாத்தான் கோல் எடுக்கலாம், அதுல எங்க யூடியூப். சிலபேரு வீட்டுல சிடிஎம்ஏன்னு வயர் இல்லாத வீட்டு போன் இருந்துச்சு, அதுல நெட் போட்டா வேகம் அதிகபட்சமே 153 கே, அதுவும் மழை பேஞ்சா இல்ல. அதனால வீடியோன்னா 3ஜிபிங்கிற (.3gp) சின்ன போன் வீடியோ ஃபைல்தான், அளவு 176க்கு 144 புள்ளி, மூஞ்சி எல்லாம் கட்டம் கட்டமா தெரியும்.

ஹட்டன்ல இருந்து பொகவந்தலாவ போற பஸ்ஸுல சாயங்காலம் ஏறினா ப்ளூடூத்தை ஆன் பண்ணி தேடுறதுதான் முதல் வேலை. லிஸ்ட்ல பேரெல்லாம் வரும், "கொழுந்து ராஜா", "சும்மா இரு", "டிரைவர் அண்ணே மெதுவா"ன்னு. யாருன்னு தெரியாத ஒராளுக்கு ஒரு கிளிப்பை அனுப்பிட்டு, பஸ்ஸுல யாரு சிரிக்கிறாங்கன்னு பார்த்து ஆளை கண்டுபிடிக்கணும். அப்படித்தான் எனக்கு நூமா நூமா வந்துச்சு, கண்ணாடி போட்ட ஒரு குண்டுப் பையன் கொம்பியூட்டர் முன்னால உக்காந்து கையை தூக்கி தூக்கி பாட்டுக்கு வாயசைப்பான். மொல்டோவா நாட்டு ஓ-சோன் குழு ருமேனிய மொழியில பாடுனது, அமெரிக்காவுல கேரி ப்ரோல்ஸ்மாங்கிற பையன் 2004 டிசம்பர்ல நியூகிரவுண்ட்ஸ்ங்கிற வெப்சைட்ல போட்டது. பஸ்ஸுல ஒருத்தருக்கும் அந்த மொழி தெரியாது, ஆனா நோர்வூட் தாண்டுறதுக்குள்ள பின் சீட்டு பூரா கைய தூக்க ஆரம்பிச்சிடுச்சு. அந்த சந்தோஷத்துல பொய் இல்ல, தன் ரூம்ல தனியா உக்காந்து ஆடுன பையன் இத்தனை மலை தாண்டி ஒரு பஸ்ஸையே ஆட வச்சான்.

ப்ளூடூத் இல்லாத போனுக்கு இன்ஃப்ராரெட். ரெண்டு போனையும் பெஞ்சு மேல தலைக்கு தலை வச்சு, நடுவுல யாரும் கை வைக்காதீங்கடான்னு காவல் நிக்கணும். தொண்ணூறு வீதம் போனப்ப எவனாவது தேத்தண்ணி கோப்பையை கொண்டாந்து குறுக்க வைப்பான், திரும்ப முதல்ல இருந்து.

ஊவா தென்றல்:

நான் பதுளை. பென்னி லாவா வீடியோ ஞாபகம் இருக்கா யாருக்காவது? எனக்கு அது மறக்கவே மறக்காது.

பேராதனை கெம்பஸ்ல முதல் வருஷம். ஹொஸ்டல்ல சிங்கள பெட்ச்மேட் ஒருத்தி லெப்டொப்பை தூக்கிட்டு ஓடி வந்தா, "இதை பாரு, செத்துருவ"ன்னு. பார்த்தா பிரபுதேவா! 2000ல வந்த பெண்ணின் மனதைத் தொட்டு படத்துப் பாட்டு. எங்க வீட்டுல சின்ன வயசுல கேட்டுக்கிட்டே வளந்த பாட்டு, கீழ மட்டும் இங்கிலிஷ்ல என்னென்னமோ ஓடுது. அமெரிக்காக்காரர் ஒருத்தரு பஃபலாக்ஸ்ங்கிற பேர்ல 2007ல போட்டது, தமிழ் வரிய அவரு காதுக்கு இங்கிலிஷ்ல எப்படி கேட்டுச்சோ அப்படியே கீழ எழுதியிருக்காரு. "கல்லூரி வானில் காய்ந்த நிலாவோ"ங்கிறது "மை லூனி பன் இஸ் ஃபைன் பென்னி லாவா" ஆயிடுச்சு. ரூமே உருண்டு உருண்டு சிரிக்குது.

நான் உடனே சிரிக்கல, அதை மறைக்க மாட்டேன். அந்த ரூம்ல தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் நான். பதுளையில இருந்து வந்தவ, எஸ்டேட்னு சொன்னாலே ஒரு மாதிரி பார்ப்பாங்களோன்னு பயந்துட்டு இருந்த நேரம், நம்ம பாஷையை வச்சு உலகமே சிரிக்குதுன்னா நெஞ்சுக்குள்ள சுருக்குன்னுச்சு. அப்ப அவ என் மூஞ்சிய பார்த்துட்டு வீடியோவ நிப்பாட்டி, "உண்மையில என்ன பாடுறாங்க?"ன்னு கேட்டா. நான் சொன்னேன். வானத்துல காயுற நிலாவான்னு கேக்குறான்னு சிங்களத்துல தட்டுத் தடுமாறி சொன்னேன். "அட, இவ்வளவு அழகான வரியா!"ன்னு வாய பொளந்துட்டா. அப்புறம் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சிங்கள எழுத்துல நான் சொல்லச் சொல்ல பாட்டு முழுசையும் கொப்பியில எழுதினா. பெட்ச் ட்ரிப்புக்கு நோட்டன் பிரிட்ஜ் போனப்ப பஸ்ஸுல பத்துப் பதினஞ்சு சிங்களப் பிள்ளைகள் சரியான தமிழ் வரியோட அந்தப் பாட்டை பாடினாங்க, "நிலாவோ" வர்ற எடத்துல மட்டும் எல்லாரும் சேர்ந்து "பென்னி லாவா"ன்னு கத்துவோம். நானும்தான் கத்தினேன். அந்த வீடியோ நல்லதா கெட்டதான்னு கேட்டா, பக்கத்துல கேக்குறதுக்கு ஒரு ஆள் இருந்ததுனால எனக்கு நல்லதா முடிஞ்சுது. தனியா ஸ்க்ரீன்ல பார்த்திருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்.

மலைநாட்டு டீச்சர்:

தங்கச்சி, கடைசியா நீங்க எழுதின வரிதான் என்னையும் எழுத வைக்குது. நான் இந்தப் பக்கம் ஒரு பாடசாலையில படிச்சு குடுக்கிறேன். சிரிச்ச கதைக்கு நடுவுல இது ஒன்னும் இருக்கட்டும்.

ஸ்டார் வோர்ஸ் கிட் வீடியோ நெறைய பேரு பார்த்திருப்பீங்க. கனடா கியூபெக்ல ஒரு பையன் 2002ல பாடசாலை கெமராவுல தனக்குத்தானே ஒரு கம்பை சுத்தி எடுத்தது. அவன் யாருக்கும் காட்டல. அடுத்த வருஷம் கூடப் படிச்ச பசங்க டேப்பை கண்டெடுத்து நெட்ல போட்டுட்டாங்க. கோடிக்கணக்குல பார்த்தாங்க. பையன் கேலி தாங்காம அந்தப் பாடசாலையை விட்டே போயிட்டான், பெத்தவங்க வழக்கு போட்டு 2006ல சமாதானம் ஆச்சு. 2013ல அவரே வெளிய வந்து பேசினாரு, அந்த நேரம் செத்துப் போகச் சொல்லி கூட எழுதுனாங்கன்னு.

எங்க பாடசாலையில கலை விழாவுக்கு காவடி ஆடுன பையன் ஒருத்தன், ஆடுறப்ப சறுக்கி விழுந்துட்டான். யாரோ ஒரு பெரிய பையன் போன்ல எடுத்துட்டான். மறுநாள் விடியிறதுக்குள்ள அது ப்ளூடூத்துல தோட்டத்து நாலு டிவிசனுக்கும் போயிடுச்சு, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல அவன் அம்மாகிட்டயே போனை நீட்டியிருக்காங்க. பையன் பாடசாலைக்கு வரல. நான் லயத்துக்கே போனேன், கதவுக்கு பின்னால நின்னுட்டு "டீச்சர் நான் வரல"ன்னு மட்டும் சொன்னான். நான் அந்த கியூபெக் பையன் கதையை வகுப்புல சொன்னேன், பேரு ஊரு எல்லாம் சொல்லி. எல்லாரும் கம்முனு கேட்டாங்க. வீடியோ எடுத்த பையனே சாயங்காலம் அவன் வீட்டுக்கு போய் மெமரி காட்டை கையில குடுத்திருக்கான். மத்த போன்ல இருந்து அதை அழிக்க முடியலதான். ஆனா அடுத்த வருஷமும் அவன் காவடி ஆடினான், விழாம. நூமா நூமா பையன் தானா ஆடி தானா போட்டான், இந்தப் பிள்ளைகள் போடல. ரெண்டையும் ஒரே மாதிரி ஃபோர்வர்ட் பண்ண எனக்கு மனசு வராது.

தலவாக்கலையான்:

டீச்சர், வணக்கம். நீங்க அந்த லயத்துக்கே போனீங்க பாருங்க, அது பெரிய விஷயம்.

எஸ்எம்எஸ் ஜோக்கையும் சேத்துக்கோங்க. இதை பத்து பேருக்கு அனுப்பு, இல்லாட்டி கெட்டது நடக்கும்னு வரும், எங்க அம்மா போன்ல மிச்சம் இருந்த ரீலோட் காசு எல்லாம் அதுலயே முடிச்சிருக்காங்க. முந்தி போஸ்ட் காட்ல வந்த அதே சமாச்சாரம்தான். அந்த ஜோக்குகள்ல நெறைய "தோட்டக்காட்டான்"னு நம்மள முட்டாளாக்குறது. கொழும்புல வேலை செஞ்சப்ப கூட இருந்தவன் அதை எனக்கே வாசிச்சுக் காட்டுவான். பல்லைக் கடிச்சிட்டு இருப்பேன்.

அதனாலதான் பின்னால பேஸ்புக்ல நம்ம பசங்களே மீம்ஸ் போட ஆரம்பிச்சப்ப எனக்கு அவ்வளவு பெருமை. 2008ல ஒரு ஆள் கொம்பியூட்டர் பெயிண்ட்ல வரைஞ்சு போட்ட ட்ரோல்பேஸ்ங்கிற பல்லிளிக்கிற மூஞ்சி ஊரெல்லாம் சுத்தி வந்து, தமிழ்ல அந்த எடத்தை வடிவேலு பிடிச்சுக்கிட்டாரு. சீடி தேய தேய அவர் காமெடிய பார்த்தவங்களுக்கு அந்த மூஞ்சிக்கு கீழ எழுத்தே தேவையில்ல. 2018 அக்டோபர்ல நாளுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு காலி முகத்திடல்ல நம்ம இளைஞர்கள் கறுப்பு உடுப்போட கூடுனாங்க இல்லையா, அந்த வாரம் எனக்கு வந்த மீம்ஸ் எல்லாம் சம்பளப் பேச்சுவார்த்தையை பத்தினதுதான், வடிவேலு மூஞ்சியோட. மடுவத்துல, அதான் கொழுந்து நிறுக்குற எடத்துல, தராசுல எத்தனை கிலோ வெட்டுறாங்கன்னு ஒன்னு இருந்துச்சு, அதை எங்க அம்மாவுக்கு காட்டினேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. போனை வாங்கி கிட்ட வச்சு பார்த்துட்டு, "யாருடா இது போட்டது, மடுவத்துல நின்னவன்தான் போட்டிருக்கான்"ன்னாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்.

கொட்டகலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொன்னையும் ரெண்டு தரம் வாசிச்சேன். ஒரு உதவி. அந்த கொழும்பு அண்ணன் போன வருஷம் ஒரு பழைய சீடி குடுத்தாரு, உள்ளுக்கு .swf ஃபைலா நெறைய இருக்கு, இப்ப எதுலயும் திறக்குது இல்ல. யாருக்காவது வழி தெரியுமா?

பழைய நோக்கியா:

அண்ணே அது ஃப்ளாஷ். அடோபி 2020 டிசம்பர் 31ஓட ஆதரவை நிறுத்திட்டாங்க, அதான் பிரவுசர்ல வராது. ரஃபிள்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, இறக்கிட்டு ஃபைலை அதுக்குள்ள போடுங்க, பழசு அநேகமா ஓடும். இன்டர்நெட் ஆர்கைவும் 2020 நவம்பர்ல இருந்து ஃப்ளாஷ் அனிமேஷன் சேக்குறாங்க, உங்ககிட்ட இருக்கிறது அங்க இருக்கான்னு பேரை போட்டு தேடிப் பாருங்க. சீடிய முதல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு கொப்பி பண்ணிடுங்கண்ணே, நம்ம ஊரு ஈரத்துல சீடில பூஞ்சணம் பிடிக்கும். உள்ளுக்கு என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்து லிஸ்ட்டை இங்கயே போடுங்க.