சிறுநீரகப் புற்றுநோய் கண்ணுக்குப் பரவியபோது: எங்கள் அனுபவம்

அப்பாவுக்கு இடது சிறுநீரகத்தை எடுத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த நோயையே மறந்துவிட்டோம். ஒருநாள் பேப்பர் படிக்கும்போது, “வரியெல்லாம் நெளிஞ்சு தெரியுதும்மா” என்றார். கண்புரையாக இருக்கும் என்று இரண்டு மாதம் கடத்தினோம். கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை. கண் டாக்டரிடம் பழைய ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னும் அது மனதை உறுத்துகிறது. தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடுங்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும்.

சொட்டுமருந்து விட்டுப் பார்த்தபோதுதான் விழித்திரைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேடும், சுற்றிலும் நீர் கோத்திருப்பதும் தெரிந்தது. அங்கே கோராய்டு என்றொரு படலம் இருக்கிறது. ரத்த ஓட்டம் மிகுந்த இடம் என்பதால் ரத்தத்தில் வரும் புற்றணுக்கள் அதில் தங்கிவிடுகின்றன. மார்பகம், நுரையீரல் புற்றுநோய்தான் பெரும்பாலும் இப்படிப் பரவும், சிறுநீரகத்திலிருந்து வருவது அபூர்வம் என்றார் டாக்டர். முழு உடம்பையும் ஸ்கேன் செய்ததில் நுரையீரலிலும் சிறு கட்டிகள்.

கண்ணை எடுத்துவிடுவார்களோ என்றுதான் அப்பா பயந்தார். அந்தப் பேச்சே எழவில்லை. கட்டிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் ஆக்ஸிடினிப் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து. கட்டி பார்வையின் மையத்தை ஒட்டி இருந்ததால் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். முகத்துக்கு அளவெடுத்த வலைமுகமூடி போட்டு, பத்து நாள். வலி இல்லை. மாத்திரையால் பிபி ஏறியதுதான் பெரிய தொல்லை. நான்கு மாதத்தில் நீர் வற்றி, மேடு தட்டையானது.

பதில்:
என் கணவருக்குக் கதிர்வீச்சே தரவில்லை. கட்டி ஓரத்தில் இருந்தது, கபோசான்டினிப் என்ற இன்னொரு புற்றுநோய் மாத்திரையிலேயே சுருங்கிவிட்டது. ஆனால் உள்ளங்கால் தோல் வெடித்து நடக்கவே முடியவில்லை. டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார்கள், அப்புறம் சரியானது. பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒன்று கேட்கிறேன், கதிர்வீச்சு முடிந்த பிறகும் அப்பாவின் கண்ணைப் பார்க்கிறார்களா?

பதில்:
பார்க்கிறார்கள் அக்கா. கதிர்வீச்சின் பாதிப்பு மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட விழித்திரையில் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்க்கிறார். ஒரு கோடு வளைந்து தெரிந்தாலும் அன்றைக்கே வரவேண்டுமாம்.