டூரிஸ்ட் ஃபேமிலி எங்களைப் பற்றிய படமா, இல்லையா?

மாங்குளத்தான்:
நான் விமர்சகன் இல்லை. மாதத்தில் ஒருக்கா மனைவி பிள்ளைகளோடு பஸ் ஏறி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ப் படம் பார்க்கிற ஆள். அண்மையில் பார்த்தவற்றில் மனதில் நின்றது 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஒன்றுதான். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பொருளாதார நெருக்கடியில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரு தமிழ்க் குடும்பம் இங்கே இலங்கையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிறது. சசிகுமார் தகப்பன், சிம்ரன் தாய், இரண்டு பெடியள். சென்னையில் ஒரு குடியிருப்பில் தாங்கள் யாரென்பதை மறைத்து வாழ்கிறார்கள். 2025 மே முதலாம் திகதி, சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் வந்தது.

அந்த ஓகஸ்டில் 'கூலி'க்கும் போனோம். ரஜினி, நாகார்ஜுனா, அமீர்கான் என்று ஆளுக்கு மேல் ஆள். திரும்பி வரும்போது கதை என்னவென்று மகள் கேட்டாள், ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. 'டூரிஸ்ட் ஃபேமிலி' கதையை அவளே வீட்டில் அப்பம்மாவுக்கு முழுதாகச் சொன்னாள்.

தமிழ்நாட்டுப் படங்களில் ஈழத்தமிழர் நாங்கள் வந்தால் துவக்கோடு வருவோம், இல்லாவிட்டால் பிணமாகக் கிடப்போம். 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' எங்கள் ஊர்ப் பெயரையே சொன்னது. ஆனால் அதில் வந்த மாங்குளம் குண்டு விழுகிற ஒரு இடம், அவ்வளவுதான். இந்தப் படத்தில் தகப்பன் வேலை தேடி அலைகிறார், பெடியள் தகப்பனோடு கோபிக்கிறார்கள், அயல் வீட்டில் சாவு விழுந்தால் இவர்கள் முன்னுக்கு நின்று எல்லாம் செய்கிறார்கள். எங்களை அயலவராகக் காட்டிய படம். எனக்கு அது பெரிய விசயம்.

நந்திக்கடல்:
அண்ணை, உங்கள் சந்தோசம் விளங்குது. எனக்கு அந்தப் படம் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

2022 மார்ச்சில் மன்னார், வவுனியாப் பக்கத்திலிருந்து சனம் படகேறினது எல்லோருக்கும் தெரியும். அரிசி, பால்மா விலைக்குப் பயந்து கைக்குழந்தைகளோடு போனவர்கள். தனுஷ்கோடிக்குப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிற்க வேண்டும். பிறகு விசாரணை, அப்புறம் மண்டபம் அகதி முகாம். தமிழ்நாட்டு முகாம்களில் 1983இலிருந்தே ஆட்கள் இருக்கிறார்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகளில் கனபேருக்கும் குடியுரிமை இல்லை. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. படத்தில் ஒரு பொலிஸ்காரர் இரங்கி விட்டுவிடுகிறார், அடுத்ததாகச் சென்னையில் வீடு, வேலை, நல்ல அயல். முகாமை வாசலில் நின்றுகூடக் காட்டவில்லை. யாருடைய மனம் நோகக்கூடாது என்று அப்படி எடுத்தார்கள்?

மாங்குளத்தான்:
தங்கச்சி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதெல்லாம் சேர்த்து எடுத்திருந்தால் ஆர் பார்ப்பார்கள்? 2015இல் பிரான்சில் எடுத்த 'தீபன்' கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது. எங்கள் ஆள் ஷோபாசக்திதான் கதாநாயகன். எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள்? சிம்ரன் எங்கள் தாய்மாரைப் போலக் கதைக்க முயற்சி செய்ததை மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சனம் குடும்பத்தோடு போய்ப் பார்த்தது. அந்தச் சனத்துக்கு எங்களைப் பற்றி இதுவரை ஆர் இப்படிச் சொன்னது?

பரந்தன் பெடியன்:
இரண்டு பேரும் கோபிக்க வேண்டாம். எங்களைப் பற்றி ஒரு வசனமும் இல்லாத படம்தான் எனக்கு எங்களைப் பற்றிய படம். 'லப்பர் பந்து' பாருங்கோ. தினேஷும் ஹரிஷ் கல்யாணும் மைதானத்தில் முறைத்துக்கொண்டு நிற்பது அப்படியே எங்கள் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி, ஒரு ஓட்டத்துக்குச் சண்டை பிடித்து, இரண்டு ஊர் கதைக்காமல் இருக்கிற கதை எங்களிடம் இல்லையா? ஆரை அணியில் சேர்க்கிறது, ஆரை வெளியில் வைக்கிறது என்பதில் சாதி வருகிறதை அந்தப் படம் நேரே காட்டுது. இங்கே அதைக் கதைக்க ஆட்கள் தயங்குவார்கள். நான் அதை மூன்று தரம் பார்த்தேன்.

வவுனியா வாசகி:
தம்பி சொல்வதோடு நானும் நிற்கிறேன். எனக்கு 'மெய்யழகன்'. சொத்துச் சண்டையில் வீட்டை இழந்து 1996இல் ஒரு குடும்பம் தஞ்சாவூரை விட்டுப் போகிறது. போகிற இரவு பெடியன் வெறும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அதே 1996இல்தான் இங்கே இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை நடந்து கிளிநொச்சிச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகச் செய்தது அடுப்படியைக் கூட்டினது. குண்டுச் சத்தத்துக்குள் ஏன் கூட்டினா என்று இண்டைக்கும் அவவிடம் கேட்டால் பதில் இல்லை. அந்தப் பெடியன் வளர்ந்து அரவிந்த் சுவாமியாக ஊருக்குத் திரும்பி வருகிற இடத்தில் அம்மா அழுதா. படம் நீளம் என்று வெளியான பிறகு பதினெட்டு நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு ஒரு நிமிடமும் கூடவில்லை.

நந்திக்கடல்:
அக்கா, நீங்கள் சொல்வதுதான் என் வாதத்துக்கும் பலம். தஞ்சாவூர்க்காரரின் இழப்பைச் சொல்ல அவர்கள் முழு இரவு எடுக்கிறார்கள். எங்கள் கதை என்று வந்தவுடன் சிரிப்பும் ஆட்டமும். 'டூரிஸ்ட் ஃபேமிலி' கடைசியில் பொலிஸ் தேடி வரும்போது குடியிருப்பில் உள்ள எல்லோரும் எங்கள் பேச்சுப் பேசிக் காப்பாற்றுகிறார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. எனக்குக் கை தட்ட வரவில்லை. ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நின்றவர்களுக்கு அந்த இடத்தில் என்ன ஓடும்? எங்கள் பக்கத்தில் நின்று அப்படிக் கதைக்க ஒருத்தரும் வரவில்லை.

மாங்குளத்தான்:
நானும் ஓமந்தையில் நின்றவன் தங்கச்சி. அதனால்தான் எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. வரவில்லை என்பது எனக்கும் தெரியும். வந்திருக்க வேண்டும் என்று ஒரு தமிழ்நாட்டு இயக்குநர், அபிஷன் ஜீவிந்த், முதல் படத்திலேயே நினைத்திருக்கிறார். அதை நான் தள்ளிவிட மாட்டேன்.

பரந்தன் பெடியன்:
இந்திய இராணுவ அதிகாரி முகுந்த் வரதராஜன் கதையான 'அமரன்' பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லையே? சாய் பல்லவி நடிப்பு உண்மையாவே நல்லது. ஆனால் ராணுவ முகாம் வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்குச் சீருடையைக் கண்டு கை தட்ட வராது. அங்கேயுள்ள சனத்துக்கு முகுந்த் வீரர், அதில் பிழை சொல்லவில்லை. என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

வவுனியா வாசகி:
எனக்கும் அதே நிலைதான் தம்பி. பாதியில் எழும்பி வந்தேன்.

நந்திக்கடல்:
அண்ணை, நீங்கள் அந்த இயக்குநரைத் தள்ள வேண்டாம், நானும் தள்ளவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஈழத்து இயக்குநர் மதிசுதா எங்கள் சனத்திடம் காசு சேர்த்து, கைபேசியில் 'வெந்து தணிந்தது காடு' எடுத்தார். அதே பெயரில் 2022இல் சிம்பு படம் வந்தது, அதைத்தான் எல்லோருக்கும் தெரியும். சென்னைப் படத்துக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறுகிற நாங்கள் இங்கே எடுக்கிற படத்துக்கு ஏன் ஏறுவதில்லை? வன்னியில் ஒரு மண்டபத்தில் ஒரு பின்னேரம் போட்டால் நீங்கள் வருவீர்களா?

மாங்குளத்தான்:
வருவேன். பிள்ளைகளையும் கூட்டி வருவேன். மாங்குளத்தில் போடுவதென்றால் மண்டபம் கேட்கிற வேலையை நான் பார்க்கிறேன், திரையும் ஒலிபெருக்கியும் ஆர் ஒழுங்கு செய்வது என்று சொல்லுங்கோ. ஆனால் 'டூரிஸ்ட் ஃபேமிலி' விசயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பரந்தன் பெடியன்:
ஒலிபெருக்கி எங்கள் விளையாட்டுக் கழகத்திடம் இருக்கு. சுற்றுப்போட்டி இல்லாத ஞாயிறாகப் பார்த்துச் சொல்லுங்கோ.